படத்தின் இடது பக்கம்

திண்டுக்கல்,
4 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

விக்கி எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் மச்சானுக்கும் நாசிக் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

போன் இருக்கும்போது தாள் எடுத்து எழுதுகிறானே என்று சிரிக்காதே. வீட்டில் உன் அழைப்பு வந்தாலே அப்பா எழுந்து பூந்தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அப்புறம் அன்றைக்குச் சாப்பிட வர நேரமாகிறது. அம்மாதான் கடிதம் எழுதச் சொன்னாள். "போன்ல பேசுனா பேச்சு போயிருது. அவ எழுதுனா நா தொட்டுப் பாப்பேன்ல" என்கிறாள். நான் வேலை பார்க்கும் திண்டுக்கல் ஸ்டுடியோ முகவரிக்கு எழுது, நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இத்துடன் உள்ள பென்டிரைவில் உன் கல்யாணப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆல்பம் என் பரிசு என்று சொல்லியிருந்தேன். சொன்னது சொன்னதுதான், அச்சுச் செலவு என்னுடையது. ஆனால் படங்களைத் திருத்தி ஒழுங்கு செய்வது நீயே செய்ய வேண்டும். எல்லாம் ரா கோப்புகள், அதாவது கேமரா பார்த்தது பார்த்தபடி. டார்க்டேபிள் என்று ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. இலவசம். மச்சானின் பழைய லேப்டாப்பில் ஓடும். இறக்கிக்கொள்.

நம் வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவன் நான் ஒருவன்தான், அதுவும் கேமராமேனாக. அதனால் நன்றாகத்தான் எடுத்திருப்பேன் என்று நம்புகிறேன்.

உன் தம்பி,
விக்னேஷ்குமார்


நாசிக்,
19 மார்ச் 2024

அன்பு விக்கி,

உன் கவர் வந்தது. இங்கே நாங்கள் சுகம். தண்ணீர் ஒத்துக்கொண்டது, ரொட்டிதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவிடம் இரவில் மோர் சேர்க்க வேண்டாம் என்று சொல்.

சாப்ட்வேரை இறக்கிவிட்டேன். "ஓசியில குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்? நாளைக்கு வீட்டுக்கு வந்து நிப்பான் பாரு" என்று இவர் பயமுறுத்தினார். ஊர் ஊராக உட்கார்ந்திருக்கும் ஆட்கள் சும்மா சேர்ந்து எழுதி வைத்தது என்று படித்துக் காட்டினேன். "அப்ப சின்னாளபட்டில எங்க தெரு மாதிரி. தறிக்குப் பாவு ஓடுறப்ப பக்கத்து வீட்டுக்காரன் கூலி கேக்காம வந்து நூலைப் புடிப்பான்" என்றார். அதன்பின் சமாதானமாகிவிட்டார்.

ஆனால் என்னடா படம் இது? எல்லாம் வெளிறிப்போய், காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி இருக்கிறேன். கட்டியது அரக்குச் சேலை, தெரிவது செங்கல் நிறம். கேமராமேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாய்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல். கல்யாணம் முடிந்து நீ வீட்டுக்குப் போனபோது அப்பா ஒரு வார்த்தையாவது கேட்டாரா? எப்படி நடந்தது, நான் எப்படி இருந்தேன் என்று? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அதையாவது எழுது.

அக்கா,
சுகன்யா


திண்டுக்கல்,
30 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

இங்கே வெயில் ஏறிவிட்டது. மலைக்கோட்டைப் பாறை அடிக்கிற அனலில் ஸ்டுடியோ மதியத்தில் அடுப்பாகிவிடுகிறது. மற்றபடி எல்லோரும் நலம். அம்மா மோரை விட்டுவிட்டாள், உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள்.

படம் வெளிறி இருக்கிறது என்று என்னைத் திட்டாதே. ரா என்றால் அரிசி. கடையில் நீ பார்க்கும் படமெல்லாம் சோறு. அரிசியை வாயில் போட்டுவிட்டு வேகவில்லை என்றால் எப்படி? முதலில் ஒயிட் பேலன்ஸ் சரி செய். நீ உட்கார்ந்திருந்த மணைக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்று தெரியும், அதைத் தொட்டுக் காட்டினால் சேலை தன் நிறத்துக்கு வந்துவிடும். பிறகு எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. பயப்படாமல் கை வை. நீ என்ன செய்தாலும் மூலப் படம் மாறாது. செய்த திருத்தமெல்லாம் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பில் தனியாக எழுதிக்கொண்டே வரும். எந்தப் படியிலிருந்தும் பின்னால் போகலாம்.

இந்த முகூர்த்த சீசனில் பெருமாள்சாமி அண்ணன் என்னைச் சாப்பிடக்கூட விடுவதில்லை. முதலாளி என்றால் முதலாளிதான். அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அப்பா நலம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மல்லி நன்றாக வந்திருக்கிறது, விடியுமுன் பறித்து நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார்.

விக்கி


நாசிக்,
21 ஏப்ரல் 2024

அன்பு விக்கி,

நலம்தான். உன் நலத்தையும் அம்மாவின் முட்டியையும் பற்றி எழுது.

அப்பா கேட்டாரா என்று கேட்டதற்குக் கிணற்றில் தண்ணீர் இருப்பதாக எழுதியிருக்கிறாய். புரிந்துகொண்டேன். இனி கேட்கவில்லை.

வேலை பழகிவிட்டது. சேலை அரக்காகிவிட்டது. மாமியார் செல்லக்கிளி அம்மாளின் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிகிறது. நான் இருக்கும் படங்களில் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை மட்டும் கொஞ்சம் தேற்றினேன், அதற்குக் காரணம் உனக்குத் தெரியும். திருத்தியவற்றை வேறு பென்டிரைவில் போட்டு அனுப்புகிறேன். பார்த்துச் சொல்.

ஒரு குறை. தாலி கட்டும் நேரத்துப் படங்கள் ஒன்றிலும் எங்களை நடுவில் வைக்கவில்லையே! வலது பாதியில் நாங்கள். இடது பக்கம் பாதிப் படம் வெறும் கருப்பு. கோயில் மண்டபத்துக்கு வெளியே விடியாத இருட்டு, அவ்வளவுதான். மற்ற படமெல்லாம் ஒழுங்காக எடுத்தவனுக்கு அந்த நேரத்தில் மட்டும் என்ன கை வாதமா? "உன் தம்பிக்குத் தூக்கம் கலையலை போல" என்று இவர் சிரிக்கிறார். அந்தக் கருப்பையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது அழகாக இருக்கிறது.

அக்கா


திண்டுக்கல்,
29 ஏப்ரல் 2024

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள்.

படங்கள் நன்றாக இருக்கின்றன. நிறம் எங்கள் ஸ்டுடியோவில் செய்வதைவிடச் சுத்தம். ஆனால் தாலி கட்டும் வரிசையை மட்டும் வெட்டாதே. வெட்டியதை ரத்து செய். செய்த திருத்தங்களின் பட்டியலில் போய் முந்தைய படியைத் தொட்டால் முழுப் படமும் திரும்பி வரும். எனக்கு அது அப்படியேதான் வேண்டும்.

கருப்பு என்று நீ எழுதியிருக்கிறாய். ராவில் முழுக் கருப்பு என்பது அபூர்வம். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

விக்கி


நாசிக்,
12 மே 2024

விக்கிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு சரியில்லை.

வெட்டாதே என்று உத்தரவு போடுகிறாய், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாய். நான் ஏன் வெட்டினேன் என்று நானாவது சொல்கிறேன். இவருக்கு வலது பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். படத்தில் அது இடது பக்கம். இவர் பக்கம் பார், மாமனார் ரங்கசாமி, மாமியார், சித்தப்பா, தெருவே நிற்கிறது. என் பக்கம் அந்தக் கருப்புதான். நம் அப்பாவும் அம்மாவும் நிற்க வேண்டிய இடம் அது. ஒவ்வொரு படத்திலும் பெரிதாக, பாதிப் பக்கத்துக்கு, யாரும் வரவில்லை என்று எழுதி ஒட்டியது மாதிரி இருக்கிறது. அதை ஆல்பத்தில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டச் சொல்கிறாயா?

அன்றைக்கு மணையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்றே குனிந்திருந்தேன். இப்போது கம்ப்யூட்டரிலும் அதையே பார்க்கச் சொன்னால் எப்படி?

ஆல்பம் வேண்டாம் என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே.

சுகன்யா


திண்டுக்கல்,
2 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். அம்மா தினமும் "கடுதாசி வந்துச்சா?" என்று கேட்கிறாள், இல்லை என்று பொய் சொல்கிறேன். எல்லோரும் நலமாக இருக்கிறோம், நீதான் இப்படி எழுதிவிட்டாய்.

நான் ஒருவருக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். சில விஷயத்தை உன்னிடம் சொல்வதில்லை என்று. சொல்லவும் மாட்டேன். ஆனால் போட்டோ திருத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதில்லை என்று நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. அதை யோசித்து முடிக்கத்தான் இவ்வளவு நாளானது.

தாலி கட்டும் வரிசையில் நாகஸ்வரக்காரர் கன்னம் உப்பியிருக்கும் படத்தை எடு. வெட்டாத முழுப் படம். எக்ஸ்போஷர் என்ற பகுதியில் மாஸ்க் போட வழி இருக்கிறது. இடது ஓரத்தில், வெளிவாசல் தூண் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடு. வட்டத்துக்குள் மட்டும் வெளிச்சத்தை ஏற்று. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒன்றும் தெரியாது. இரண்டிலும் தெரியாது. நிறுத்தாதே. புள்ளி புள்ளியாக வரும், அதற்கும் பயப்படாதே. பிறகு அதற்கு அடுத்த இரண்டு படங்களுக்கும் அதையே செய்.

மச்சான் வீட்டில் இருக்கும்போது செய்.

விக்கி


நாசிக்,
9 ஜூன் 2024

விக்கி,

அப்பா.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். நீ சொன்னபடியே வட்டம் போட்டேன். மூன்றாவது ஸ்டாப்பில் தூண் வந்தது. அதற்கு மேல் ஏற்றியதும் தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள். "வாட்ச்மேனா இருக்கும்" என்றார் இவர். பூ மூட்டை தூக்குகிற இடது தோளை இறக்கி நிற்கிற நிலை. துண்டு தோளில் இல்லை, எடுத்துக் கக்கத்தில் வைத்திருக்கிறார். அப்பா யார் முன்னால் அப்படித் துண்டை எடுத்து நாம் பார்த்திருக்கிறோம்?

முதல் படத்தில் கை சட்டைப் பைக்குள் இருக்கிறது. அடுத்ததில் கை மேலே தூக்கியிருக்கிறது. மூன்றாவதில் விரல்கள் விரிந்திருக்கின்றன, கை காலி. அதே நேரத்தில் இங்கே இவர் முடிச்சுப் போடுகிறார், எல்லோரும் எங்கள் மேல் அட்சதை போடுகிறார்கள். அவரும் போட்டிருக்கிறார், விக்கி. அவ்வளவு தூரத்திலிருந்து, எங்கள் மேல் வந்து விழாது என்று தெரிந்தே.

கைக்கு மேலே சில வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. அது அரிசியா, வெளிச்சம் ஏற்றியதால் வந்த புள்ளியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. புள்ளியை நீக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். படம் வழவழவென்று வந்தது, ஆனால் அந்த வெள்ளைகளும் போய்விட்டன. அதனால் எடுத்துவிட்டேன். புள்ளியோடே இருக்கட்டும்.

இவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எப்படி வந்தார்? ஏன் உள்ளே வரவில்லை? இப்போதாவது சொல்.

சுகன்யா


திண்டுக்கல்,
17 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

நீயே பார்த்துவிட்டாய், இனி நான் சொன்னதாக ஆகாது. மனசு லேசாகி, நேற்று ரயிலடிக்குப் பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டேன், உன் பேரைச் சொல்லி இரண்டு தட்டு.

அன்றைக்கு விடியுமுன் பூ மூட்டையை மார்க்கெட் வேனில் ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லித்தான் அப்பா மொபெட்டில் கிளம்பியிருக்கிறார். அம்மா ஒன்றும் கேட்காமல் மஞ்சள் அரிசியைப் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறாள். இதை அம்மா நேற்றுத்தான் சொன்னாள். அன்றைக்குக் கேமராக் கண்ணில் அவர் முதலில் வெறும் அசைவாகத்தான் தெரிந்தார். துண்டை எடுத்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு படமாவது இருக்கட்டும் என்று கேமராவை இடது பக்கம் திருப்பிக்கொண்டேன். பிளாஷ் அவ்வளவு தூரம் எட்டாது என்றும் தெரியும்.

நான் வெளியே வந்தபோது அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"ஏலே, என்னையப் புடிச்சியா?"

"இல்லப்பா."

"காட்டு."

பின்னால் இருக்கும் சின்னத் திரையில் காட்டினேன். அங்கே கருப்பாகத்தான் இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளச் சொல்லிப் பார்த்தார்.

"ம். இருட்டுத்தேன். நா வந்தது அவளுக்குத் தெரியக் கூடாது. எம்மேல அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"உள்ள வந்தா என்னப்பா, இம்புட்டுத் தூரம் வந்துட்டு?"

"வரமாட்டேன்னு ஊரு பூராச் சொல்லிட்டேன்ல. இப்ப வந்தும் பேசாமப் போனான்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்கு இன்னும் வேதனை. வரலைன்னே இருக்கட்டும்."

போய்விட்டார்.

இப்போது என் பயமெல்லாம் நீ என்ன செய்வாய் என்பதுதான். வெளிச்சம் ஏற்றிய படத்தை அவர் கண்ணில் காட்டினால் கூசிப்போவார். இன்னும் ஒரு அடி தள்ளிப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். யோசித்துச் செய்.

உன் தம்பி,
விக்கி


நாசிக்,
14 ஜூலை 2024

அன்பு விக்கி,

இங்கே மழை விடாமல் பெய்கிறது, துணி காயவில்லை. நாங்கள் இருவரும் நலம். அம்மாவை என் சார்பில் கட்டிப் பிடித்துக்கொள், மஞ்சள் அரிசிக்காக.

ஆல்பம் முடிந்தது. பக்கங்களை எல்லாம் பென்டிரைவில் போட்டிருக்கிறேன், அச்சடித்து வீட்டில் வை. அந்தப் படத்துக்கு நடுவில் விரியும் இரண்டு பக்கத்தையும் கொடுத்திருக்கிறேன். முழுப் படம், இடது பக்கம் இருட்டோடு. ஏற்றிய வெளிச்சத்தை எல்லாம் எடுத்துவிட்டேன். அவர் இருட்டில் நிற்க நினைத்தார், அப்படியே நிற்கட்டும். ஆனால் அந்தப் பக்கம் இப்போது எனக்கு வெறுமையாகத் தெரியவில்லை. என்னிடம் மட்டும் வெளிச்சம் ஏற்றிய பிரதி ஒன்று இருக்கிறது. சுவரில் மாட்டலாம் என்றார் இவர். வேண்டாம், லேப்டாப்பிலேயே இருக்கட்டும், தோன்றும்போது திறந்து பார்க்கிறேன் என்றேன். தினமும் தோன்றுகிறது.

அப்பாவிடம் நீ ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. இந்தத் தடவை சத்தியம் எனக்கு. அவர் பார்க்கவே இல்லை என்றாலும் சரி. பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் சரி. அவர் பேசிவிட வேண்டும் என்று ஆசை இல்லாமல் இல்லை. இழுத்து வெளிச்சத்தில் நிறுத்திப் பேச வைக்க எனக்கு மனமில்லை.

அக்கா


திண்டுக்கல்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

ஆடிக் காற்று கூரையைத் தூக்குகிறது. வீட்டில் எல்லோரும் சௌகரியம். உனக்கு விரிவாக எழுத வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஆல்பத்தைக் கட்டில் மேல் வைத்தேன். அப்பா அதைச் சுற்றிக்கொண்டு போனார், வந்தார், தொடவில்லை. கட்டிலில் படுக்கக்கூட இல்லை, தரையில் பாய் போட்டுக்கொண்டார். நேற்றுக் காலை மார்க்கெட்டிலிருந்து வந்தபோது அம்மா ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்கிற மாதிரி செம்போடு பின்னால் வந்து நின்றார். அம்மா நடுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"என்ன இது, பாதிப் படம் கருப்பாக் கெடக்கு?"

"ஒங்க மகன் புடிச்ச லட்சணம்" என்றாள் அம்மா. எப்படி நடித்தாள் தெரியுமா!

அப்பா குனிந்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கருப்பின் மேல் விரலை வைத்தார், அக்கா. சரியாகத் தூண் இருக்கும் இடத்தில். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை ஏன் வெட்டாமப் போட்டிருக்கா?"

"அவளே செஞ்ச ஆல்பம்ப்பா. அவ இஷ்டம்."

"கம்ப்யூட்டர்ல போட்டாலும் இது கருப்புத்தேனா?"

"எனக்குத் தெரியாதுப்பா. நா சத்தியம் பண்ணிருக்கேன்."

"அதான் எம்மேல பண்ணுனியே, அதைக் கேக்கலை."

"இது வேற சத்தியம்."

"போடா கூறுகெட்டவனே" என்றார். அவ்வளவுதான். ஆனால் தோட்டத்துக்குப் போகவில்லை. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மச்சான் படம் வந்த இடத்தில் "பையன் நெடுநெடுன்னு இருக்கான்" என்றார் அம்மாவிடம்.

இன்று காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது உன் முகவரி கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விக்கி


நிலக்கோட்டை,
11 ஆகஸ்ட் 2024

மகள் சுகன்யாவுக்கு அப்பா நல்லுசாமி எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மா பொன்னழகும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

மழை இன்னும் சரியாக இறங்கவில்லை. பூ பரவாயில்லை. ஆல்பம் பார்த்தேன். சேலை நல்ல நிறம். நீ கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

மாப்பிள்ளை கறி சாப்பிடுவாரா, அவர்கள் வீட்டில் ஆகாதா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு வாசலில் நிற்கும்போது நான் செருப்பைக் கழற்றினேனா, போட்டிருந்தேனா என்று ஞாபகம் வரவில்லை. கழற்றியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவசரத்தில் மறந்திருந்தாலும் மறந்திருப்பேன். பிள்ளைக்குத் தாலி ஏறும்போது அப்பன் கோயில் வாசலில் செருப்போடு நின்று அட்சதை போட்டிருந்தால் நல்லதில்லை. ஆறு மாதமாக எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது. விக்கியைக் கேட்டால் சத்தியம் என்கிறான்.

உன்னிடம் உள்ள படத்தைப் பெரிதாக்கி, கால் தெரிகிறதா பார். பதில் எழுத வேண்டாம். கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கினால் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். நேரில் சொல்.

அப்பா